லேசா

அந்த ட்யூப் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. எக்ஸிமா என்கிற அரிப்புத் தோல் நோய்க்கு நான் எழுதிக் கொடுத்த களிம்பு, 15 கிராம் ட்யூப். மூன்று வாரம் கழித்து அந்த அம்மா அதைத் திருப்பிக் கொண்டுவந்தபோது வால் பக்கத்தில் ஒரு மடிப்புகூட விழவில்லை. என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க சொன்ன மாதிரியே லேசாத்தான் தடவினேன், டாக்டர். பட்டும் படாம."

கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். மடியில் நாலு வயதுப் பெண் குழந்தை. முழங்கை மடிப்பு இரண்டிலும் தேன் நிறத்தில் பொருக்கு, ஓரமெல்லாம் நீர்க் கசிவு. முழங்காலுக்குப் பின்னாலும் அதே கதை. ஒரே அளவில், துளைபோட்ட மாதிரி சின்னச் சின்னப் புண்கள் இருக்கின்றனவா என்றுதான் முதலில் தேடினேன். இருந்தால் அது ஹெர்பீஸ் வைரஸ் ஏறிய எக்ஸிமா, உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை. காய்ச்சலும் இல்லை. பாக்டீரியா தொற்றுதான்.

மூச்சு வந்ததும் நான் சொன்ன முதல் வாக்கியம்: "அவ்வளவு லேசா இல்லம்மா."

"ஐயோ, என் தப்புதான் டாக்டர்" என்றார் அவர்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டேன்.

முதல் தடவை அவர்கள் வந்த நாளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். களிம்பின் பெயரைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார், "இது ஸ்டீராய்டா டாக்டர்?" நான் சொன்னேன், "ஆமா. ஆனா பயப்படாதீங்க, லேசாத் தடவுங்க." ஒரே மூச்சில் வந்த இரண்டு பேச்சு. பயப்பட ஒன்றும் இல்லையென்றால் ஏன் லேசாகத் தடவ வேண்டும்? அவர் இரண்டாவதைத்தான் கேட்டிருக்கிறார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

என் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பூஞ்சைப் படைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பை மாதக்கணக்கில் தடவிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்காத வாரம் கிடையாது. அரிப்பு அடங்கும், படை மட்டும் ஓசையில்லாமல் பரவும். வட்டத்தின் ஓரம் கலைந்து போய், பார்த்தால் எக்ஸிமாவா சோரியாசிஸா என்று நமக்கே சந்தேகம் வரும். ஓரத்தைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால்தான் பூஞ்சை இழை தெரியும். முகத்துக்கு வீரியமான களிம்பை ஒரு வருடம் போட்டு, தோல் மெலிந்து, கன்னத்தில் ரத்தக் குழாய்கள் நூல் நூலாகத் தெரியும்படி வந்த பெண்ணையும் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் பார்த்த நாக்கு 'லேசா' என்று சொல்லத்தான் செய்யும். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஆனால் லேசு என்றால் எவ்வளவு? அதற்கு ஒரு அளவு உண்டு, அது எனக்குத் தெரியாததும் இல்லை. ட்யூபிலிருந்து பிதுக்கி, பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ஒரு கோடு இழுத்தால் ஏறக்குறைய அரை கிராம். பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு, விரல்களையும் சேர்த்து, அது போதும். 1991-லேயே இந்தக் கணக்கை எழுதி வைத்துவிட்டார்கள். அந்தக் குழந்தைக்குப் பாதித்திருந்த இடம் எல்லாம் சேர்த்து அப்படி நாலு உள்ளங்கை இருக்கும். அப்படியானால் இரண்டு விரல் நுனி, ஒரு கிராம். ராத்திரி ஒரு வேளை தடவினாலும் ட்யூப் 15 நாளில் தீர்ந்திருக்க வேண்டும். பரீட்சையில் கேட்டால் தூக்கத்தில்கூட எழுதுவேன். அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு வாயில் வந்தது ஒரு உரிச்சொல்தான்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டினால் என் கையெழுத்திலேயே இருக்கிறது, 'லேசான எக்ஸிமா'.

ஏன் லேசு என்று எழுதினேன்? சிவப்பு இல்லை. அவ்வளவுதான். நாம் படித்த புத்தகங்களில் அழற்சி என்றால் வெள்ளைத் தோலில் பளிச்சென்ற சிவப்புதான் படமாக இருக்கும். எக்ஸிமாவின் தீவிரத்துக்கு மதிப்பெண் போடும் முறைகளிலும் சிவப்புக்குத் தனி மதிப்பெண் உண்டு. கருத்த தோலில் அதே அழற்சி சாம்பலாகவோ, கத்தரிப்பூ நிறத்திலோ, கரும்பழுப்பாகவோதான் தெரியும். புல்லரித்த மாதிரி பொடிப் பொடியாக மேடுகள் இருக்கும். கண்ணைவிடக் கைதான் அங்கே நம்பகமானது. பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும், தடிப்பு தெரியும். தோலின் ரேகைகள் உள்ளங்கை ரேகை மாதிரி ஆழமாகிவிட்டிருந்தால் அந்தக் குழந்தை மாதக்கணக்கில் சொறிந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதெல்லாம் நானே ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது. அன்று தொட்டேனா? தொட்ட மாதிரிதான் ஞாபகம். மேலோட்டமாகத் தொட்டிருப்பேனோ என்னவோ. நம் ஞாபகம் நமக்குச் சாதகமாகத்தானே இருக்கும்.

இரண்டாவது தடவை வந்தபோது குழந்தையின் நகங்களைப் பார்த்தேன். பாலிஷ் போட்டுத் துடைத்த மாதிரி பளபளப்பு. தோலில் தேய்த்துத் தேய்த்து வந்த மெருகு. மூன்று வாரத்தில் வரக்கூடியது இல்லை அது. முதல் நாளே அந்த நகங்கள் அப்படித்தான் இருந்திருக்கும். அதோடு, அந்த அம்மா அன்றைக்கே ஒன்று சொன்னார்: "ராத்திரி லேசுல தூங்க மாட்டேங்கிறா, டாக்டர்." அதற்கு நான், எக்ஸிமா என்றால் அப்படித்தான் என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். எக்ஸிமாவில் தூக்கம் கெடுவதைவிடப் பெரிய அளவுகோல் வேறென்ன இருக்கிறது!

உடன் வேலை பார்க்கும் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எக்ஸிமா தோலில் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்கிற பாக்டீரியா பெரும்பாலும் குடியிருக்கிறது, சரியாக மருந்து போட்டாலும் சில குழந்தைகளுக்குத் தொற்று வரும், எல்லாவற்றையும் உன் தலையில் போட்டுக்கொள்ளாதே என்றார். உண்மைதான். ஸ்டீராய்டு என்ற பெயரே போதும், நான் 'லேசா' என்று சொல்லாவிட்டாலும் அந்த அம்மா பயந்துதான் தடவியிருப்பார். இரண்டாம் நாளே தடவிய இடம் வெளுத்த மாதிரி தெரிந்ததாம், அதனால் இன்னும் குறைத்தாராம். அழற்சி அடங்கும்போது கருத்த தோல் கொஞ்ச நாள் வெளுத்தோ கருத்தோ இருந்துவிட்டுத்தான் பழைய நிறத்துக்கு வரும். மாதங்கள்கூட ஆகலாம். இதையும் நான் சொல்லவில்லை. எதையெல்லாம்தான் பத்து நிமிடத்தில் சொல்வது என்று கோபம்கூட வருகிறது. அப்புறம், 'விரல் நுனி' என்று சொல்ல எத்தனை நிமிடம் ஆகும் என்றும் தோன்றுகிறது.

அன்று ஆன்டிபயாடிக் கொடுத்து, ஒரு படி வீரியம் கூடிய களிம்பு எழுதி, ஈரம் காக்கும் கிரீமை வஞ்சனையில்லாமல் பூசச் சொல்லி அனுப்பினேன். களிம்பை என் விரலிலேயே பிதுக்கி அளவு காட்டினேன். அவர் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டார். தப்பு செய்துவிட்டுத் திருத்திக்கொள்கிற மாணவியின் முகம். அந்த முகத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

நாலு வாரம் கழித்து வந்தார்கள். குழந்தையின் மடிப்புகள் மெத்தென்று இருந்தன. தூங்குகிறாளாம். அம்மா பையிலிருந்து ட்யூப்களை எடுத்து வரிசையாக வைத்தார். நாலு ட்யூப், எல்லாம் வாலிலிருந்து சுருட்டித் தட்டையாக்கியவை. கணக்குப்படி இரண்டுதான் தீர்ந்திருக்க வேண்டும். அதுவும் சரியானதும் நிறுத்தச் சொல்லியிருந்தேன்.

"நல்லாயிருக்கிற இடத்துக்கும் சேத்தே தடவிட்டேன், டாக்டர். மறுபடி தப்பாயிடக் கூடாதுல்ல."

"இனிமே கொஞ்சம் லே..." என்று வாய்வரை வந்துவிட்டது. நிறுத்தினேன். வாரத்தில் இரண்டு ராத்திரி, பழைய இடங்களில் மட்டும், விரல் நுனிக் கணக்கு அதேதான் என்றேன். அவர் ஆள்காட்டி விரலை நீட்டி, முதல் ரேகையில் கட்டைவிரல் நகத்தை வைத்துக் காட்டினார்.

"இது வரைக்கும்தானே?"

"இது வரைக்கும்தான்."

அவர் அன்று சொன்ன 'என் தப்புதான்' பற்றிப் பேச அதுதான் நேரம். அவரும் எழுந்திருக்காமல் ஒரு நொடி உட்கார்ந்திருந்தார். அதற்குள் அடுத்த ஆள் கதவைத் திறந்துவிட்டார்.