கணவாய் வழியே வந்த சீசன்

ஆவணி முடிந்துவிட்டது. மொட்டைமாடியில் காலையில் காயப்போட்ட துணி மதியத்திற்குள் மொறமொறவென்று காய்ந்துவிடுகிறது. சமையலறை டப்பாவில் உப்பு மறுபடியும் உதிரியாகக் கிடக்கிறது. தென்காசியில் குடியிருப்பவர்களுக்குக் குற்றாலம் சீசன் முடிந்ததைச் சொல்ல இதற்கு மேல் எந்த அறிவிப்பும் வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்கள் சீசன் என்றால் அருவியை நினைப்பார்கள். எங்களுக்கு அது ஜூன் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை வீட்டிலும் வயலிலும் கடைவீதியிலும் பரவிக் கிடக்கும் ஒரு காலம். இந்த முறை மனத்துக்குப் பிடித்தவை எவை என்று எண்ணிப் பார்த்தபோது, அவற்றில் ஏறக்குறைய எல்லாமே செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடர் சற்றுத் தாழ்ந்து வழிவிடும் ஆரியங்காவுக் கணவாயோடு சம்பந்தப்பட்டவை என்று தெரிந்தது. காற்று, தூறல், ரயில், பழக்கூடை, பரோட்டா சாப்பிட வரும் கூட்டம் எல்லாம் அந்தச் சந்து வழியாகத்தான் எங்களிடம் வருகின்றன.

தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் முதல் வாரத்தில் கேரளத்தில் இறங்கும். அரபிக்கடலில் இருந்து வரும் மேகங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கச் சரிவில் ஏறும்போதே தங்களிடம் உள்ளதில் பெரும்பகுதியைக் கொட்டித் தீர்த்துவிடுவதால், மலைக்குக் கிழக்கே இருக்கும் ஊர்களில் பலவற்றுக்கு அந்த மாதங்களில் வறண்ட காற்றுதான் மிஞ்சும். எங்கள் வட்டாரத்தின் அதிர்ஷ்டம் மலை இங்கே கொஞ்சம் இடைவெளி விட்டிருப்பது. அந்த இடைவெளி வழியே குளிர்ந்த காற்றும், முகட்டைத் தாண்டிச் சிதறி வரும் பொடித்தூறலும் இந்தப் பக்கம் இறங்குகின்றன. கேரளத்தில் பெய்து முடித்த மழையின் மிச்சம்தான் நம்முடைய சாரல் என்று சொன்னால் ஊரில் சிலருக்குக் கோபம் வரும். எனக்கு அந்த மிச்சத்தைத்தான் முழு மழையைவிடப் பிடித்திருக்கிறது.

சாரலுக்குக் குடை உதவாது. அது மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வருவதாலும், குடையை விரித்த மறுகணம் காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடுவதாலும், உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் குடை எடுப்பதே இல்லை. நனைந்துகொண்டே கடைக்குப் போவோம். திரும்பி வருவதற்குள் அதே காற்று சட்டையை உலர்த்திவிட்டிருக்கும். வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் ஈரம் படுவதும், மேற்கே மலை முழுக்க மேகத்துக்குள் மறைந்திருக்க, கிழக்கே பாவூர்சத்திரம் பக்கம் வானம் சுத்தமாக நீலமாய் இருப்பதும் இந்த ஊரில் அன்றாடக் காட்சிகள். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாசலில் இந்தக் காற்றின் முழு வேகத்தையும் உணரலாம். ஆடி மாதத்தில் அங்கே நுழைகிறவர்கள் ஒரு கையால் சேலைக் கொசுவத்தையோ வேட்டி நுனியையோ பிடித்துக்கொண்டு, மறுகையில் அர்ச்சனைத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து காற்றைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். சாமி கும்பிடும் எண்ணம் இல்லாத நாட்களிலும் அந்த வாசலில் போய் நிற்பதற்காகவே நான் அந்த வழியாகப் போனதுண்டு.

சீசன் காலத்தில் உறவினர்களிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளுக்கும் என் பட்டியலில் இடமுண்டு. ஆண்டு முழுக்கப் பேசாதவர்கள்கூட ஜூன் பிறந்தால் நலம் விசாரிப்பார்கள், விசாரிப்பின் இரண்டாவது வாக்கியமே "தண்ணி விழுதா?" என்பதுதான். மதுரையில் இருக்கும் சித்தி மகன் இந்த முறையும் கேட்டான்: "அண்ணே, மெயின்ல நல்லா விழுதா, இல்ல சும்மா பேருக்கு வடியுதா?" மெயின் அருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுவதால் போலீஸ் யாரையும் குளிக்க விடவில்லை, ஐந்தருவியிலும் கயிறு கட்டிவிட்டார்கள், இரண்டு நாள் பொறுத்து வா என்று சொன்னேன். அருவியின் முன்னால் உள்ள பாதுகாப்பு வளைவைத்தான் நாங்கள் ஆர்ச் என்போம். வெள்ளம் அதற்கு மேல் பாய்ந்தால் குளிக்கத் தடை வந்துவிடும். தண்ணீர் குறைந்தால் கூட்டம், கூடினால் தடை. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் சில நாட்களைப் பிடிப்பதற்குத்தான் உள்ளூரில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

இந்த விசாரிப்புகளுக்குப் பதில் சொல்வதற்காகவே நான் செய்தித்தாளில் அணை நிலவரத்தைப் படிக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். இப்போது அது தனி விருப்பமாகவே ஆகிவிட்டது. குண்டாறு 36 அடி, கருப்பாநதி 72, ராமநதி 84, கடனா 85, அடவிநயினார் 132 என்று ஒவ்வோர் அணையின் முழு நீர்மட்டமும் மனப்பாடமாகிவிட்டது. செங்கோட்டை அருகே இருக்கும் குண்டாறு மிகச் சிறியது என்பதால் பெரும்பாலும் அதுதான் முதலில் நிரம்பி வழியும். மேக்கரையில் இருக்கும் அடவிநயினார் மெல்ல மெல்ல ஏறும். அது நூறைத் தாண்டினால் கார் நெல் போட்டவர்கள் முகத்தில் தெளிவு வந்துவிடும். அருவியில் குளிப்பவர்களின் மகிழ்ச்சிக்கும் வயலில் நாற்று நட்டவர்களின் நிம்மதிக்கும் காரணம் ஒரே தண்ணீர்தான் என்பதைச் சீசன் செய்திகள் அதிகம் பேசுவதில்லை. குற்றாலத்தில் விழுகிற சிற்றாறு அங்கேயே முடிந்துவிடாமல், வழிநெடுகக் குளங்களை நிரப்பிக்கொண்டு போய்ச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது.

அருவியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அதைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மேலிருந்து வரும் தண்ணீர் பாறையில் இருக்கும் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, நிறைந்து, அங்கிருந்து பொங்கிக் கீழே பாய்வதால்தான் மெயின் அருவி என்கிற பேரருவியில் மனிதர் நின்று குளிக்க முடிகிறது. இல்லாவிட்டால் அந்த உயரத்தின் வேகத்துக்கு யாரும் அடியில் நிற்க முடியாது. வேலை நாள் ஒன்றில், கூட்டம் வருவதற்கு முன், விடியும் முன்பே போய்த் தோளைக் கொடுத்து நின்றால் முதல் சில நொடிகள் மூச்சு வாங்கும். பிறகு குளிர் தெரியாது. வெளியே வந்தவுடன் பசி தெரியும். மூலிகைகளின் வேர்களைத் தொட்டு வருவதால் இந்தத் தண்ணீர் சகல நோயும் தீர்க்கும் என்று அங்கே எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள் உறுதியாகச் சொல்வார்கள். பசியைத் தூண்டும் என்பது வரைக்கும் நானே சாட்சி. மீதியைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை.

எனக்கு இந்தச் சீசனில் அருவியைவிட மங்குஸ்தான்தான் அதிக இன்பம் கொடுத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் குற்றாலத்து மலைச்சரிவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வளர்க்கத் தோட்டங்கள் போட்டார்கள். ஈரமும் நிழலும் விரும்பும் இத்தகைய மரங்களுக்கு ஏற்ற மண்ணாக அந்தச் சரிவுகள் இன்றைக்கும் இருக்கின்றன. ஆடி மாதத்தில் அங்கே விளைவதும் கணவாய்க்கு அந்தப்புறமிருந்து கூடை கூடையாக வருவதும் சேர்ந்து, ஐந்தருவிச் சாலையோரக் கடைகளில் ரம்புத்தானும் மங்குஸ்தானும் குவிந்துவிடும். ரம்புத்தானைத் தின்பதில் வித்தை ஒன்றும் இல்லை. சிவப்புத் தோலைக் கிள்ளினால் கழன்றுவிடும். மங்குஸ்தானுக்குக் கொஞ்சம் பழக்கம் தேவை.

பழத்தைத் தலைகீழாகத் திருப்பினால், காம்புக்கு எதிர்ப்புறத்தில் சிறிய பூவைச் செதுக்கி ஒட்டியதுபோல் ஒரு முத்திரை இருக்கும். அதில் எத்தனை இதழ்களோ, உள்ளே அத்தனை சுளைகள். எண்ணிப் பார்த்துவிட்டு உடைத்தால் கணக்குத் தவறாது. பூவாக இருந்தபோது சூல்முடியாக இருந்த பகுதிதான் அப்படிக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அதன் காரணம். இதழ் அதிகம் உள்ளதை எடுப்பது நல்லது; சுளைகள் சிறியனவாக இருந்தாலும் பெரும்பாலானவற்றில் கொட்டை இருக்காது. அடுத்து, தோலைக் கட்டைவிரலால் லேசாக அழுத்த வேண்டும். அழுங்கிக் கொடுத்தால் நல்ல பழம். கல்லாக இறுகியிருந்தால் பறித்து நாளாகிவிட்டது, எடைக்காக விற்கிறார்கள் என்று பொருள். தோலில் மஞ்சளாகப் பிசின் கசிந்திருந்தால் உள்ளேயும் அது இறங்கிச் சுளை கசந்திருக்க வாய்ப்புண்டு. தேர்ந்தெடுத்ததை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் கருஞ்சிவப்புத் தோல் பிளந்து, வெள்ளைப் பூண்டுப் பற்கள் மாதிரி சுளைகள் தெரியும். கத்தி வைத்து அறுப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். தோலின் சாறு துணியில் பட்டால் போகாது என்பதால் எங்கள் வீட்டில் மங்குஸ்தான் தின்பதற்கென்றே ஒரு பழைய சட்டை இருக்கிறது. துரியனும் அதே கடைகளில் தொங்கும். குழந்தைப்பேறு தரும் என்ற நம்பிக்கையால் அதன் விலை எட்டாத உயரத்தில் இருப்பதும், அதன் வாசனையும், இரண்டும் சேர்ந்து என்னைத் தள்ளியே வைத்திருக்கின்றன.

மழையின் மிச்சம் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகு அதன் முழு உருவத்தையும் பார்க்க விரும்புகிறவர்கள் செங்கோட்டையில் கொல்லம் போகும் ரயிலில் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்தால் போதும். 1904-இல் திறக்கப்பட்ட இந்த மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதையாக மாறி 2018-இல் முழுமையாக மீண்டும் ஓடத் தொடங்கியது. ஏற்றம் கடுமையாக இருப்பதால் பின்னாலும் ஓர் எஞ்சினைச் சேர்த்துத் தள்ளுவார்கள். பகவதிபுரம் தாண்டும் வரை வயலும் தென்னையும் லேசான தூறலும்தான். பிறகு வண்டி மலையைக் குடைந்த நீண்ட குகைக்குள் நுழையும், விளக்கு எரியும், பிள்ளைகள் கூச்சல் போடும். குகையை விட்டு ஆரியங்காவுப் பக்கம் வெளியே வந்தவுடன் அடை மழை கூரையில் இறங்கும். சன்னல் கதவுகளைத் தடதடவென்று இறக்குவார்கள். ஒரே மலைக்கு இந்தப் பக்கம் சாரலும் அந்தப் பக்கம் கொட்டுமழையுமாக இருப்பதைப் பள்ளிப் பாடத்தில் மழைமறைவுப் பகுதி என்று படித்தபோது மனத்தில் பதியாதது, இந்தக் குகைப்பயணத்தில் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். கழுதுருட்டி அருகே வரும் பதின்மூன்று கண் பாலத்தைப் பார்ப்பதற்காக எல்லோரும் ஒரே பக்கச் சன்னலுக்கு ஓடுவார்கள். நான் அந்த நேரத்தில் காலியான மறுபக்கத்தில் உட்கார்ந்து, மலையோரம் வழியும் பெயரில்லாச் சிற்றருவிகளைப் பார்த்துக்கொண்டு போவேன்.

பரோட்டாவைச் சொல்லாமல் விட்டால் ஊருக்குள் நுழைய முடியாது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. எல்லை அப்போது பிரானூர் அருகே ஓடியதால் அந்த இடத்தின் பரோட்டாக் கடைகளுக்கு 'பார்டர்' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. எல்லை மேற்கே நகர்ந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பெயர் நகரவில்லை. உள்ளங்கை அளவுப் பரோட்டா, வெளியே முறுகலாகவும் உள்ளே அடுக்கடுக்காகவும் இருக்கும். வாழையிலையில் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி ஊறவிட்டு, நாட்டுக்கோழி வறுவலோடு தின்ன வேண்டும். சனி ஞாயிறுகளில் அங்கே இடம் கிடைக்காது. அருவியில் குளித்த பசியோடு வருகிறவர்களுக்கு முன்னுரிமை கொடுத்துவிட்டு நாங்கள் செவ்வாய், புதன்களில் போவோம்.

எனக்குப் பிடித்தவற்றில் கணவாய்க்கு இந்தப் பக்கமே பிறந்தது ஒன்று உண்டு: சுந்தரபாண்டியபுரத்திலும் சாம்பவர் வடகரையிலும் பூத்த சூரியகாந்தி. அதைப் பார்ப்பதற்கும் கேரளத்திலிருந்துதான் அதிகம் பேர் வருகிறார்கள். மொட்டாக இருக்கும்போது சூரியனோடு திரும்பும் இந்தப் பூ, முழுதாக மலர்ந்த பிறகு கிழக்கு நோக்கியே நின்றுவிடும். மேற்குப் பக்கச் சாலையில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்களுக்குப் பூக்களின் முதுகுதான் கிடைக்கும். முகம் வேண்டுமென்றால் வரப்பில் இறங்கிச் சுற்றிப் போக வேண்டும். வயல்காரர்களோ விதைக்காகப் பயிர் போட்டவர்கள். மிதிபடும் செடிகளைப் பார்த்து அவர்கள் அலுத்துக்கொள்வது நியாயம்தான். சிலர் படம் எடுக்கக் காசு வாங்கத் தொடங்கிவிட்டார்கள். அதையும் நான் குறையாக நினைக்கவில்லை.

குறை என்று சொல்ல வேண்டுமானால் சாலை நெரிசலையும், அருவிக்கரையில் கிடக்கும் ஷாம்பு உறைகளையும் சொல்லலாம். சோப்புக்கும் ஷாம்புக்கும் அருவியில் தடை இருந்தும் வழிநெடுகக் கடைகளில் அவை தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

இனி ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வரும். அப்போதும் அருவியில் தண்ணீர் விழும். சில நாட்களில் சீசனைவிட மூர்க்கமாக, செம்மண் நிறத்தில் விழும். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் குளிக்க வருவார்கள். கடைகள் மறுபடி நள்ளிரவு வரை திறந்திருக்கும். ஆனால் அந்த மழை கிழக்கிலிருந்து வருவது. சாரலும் இருக்காது, மங்குஸ்தானும் இருக்காது. தண்ணி விழுதா என்று மட்டும் கேட்பவர்களை அப்போதே வரச் சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் ஜூன் வரை பொறுத்துக்கொண்டு, ஒரு பழைய சட்டையோடு வரட்டும்.