டிரைவ் போகவில்லை

பெரியம்மா வீட்டுக் கம்ப்யூட்டரில் டிவிடி டிரைவைக் காணோம். தட்டு வெளியே வருகிறது, விளக்கு எரிகிறது. 'மை கம்ப்யூட்டர்' உள்ளே மட்டும் அது இல்லை.

"டிரைவ் போச்சு, புதுசு வாங்குங்க" என்று கடையில் சொல்லிவிட்டார்களாம்.

கம்ப்யூட்டரில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். டிரைவின் பெயர் மேல் மஞ்சள் முக்கோணம். பிழை எண் கோட் 39.

பாதி புரிந்துவிட்டது. எப்போதோ நீக்கிய சிடி எழுதும் மென்பொருள் ஒன்று, தன் கோப்புகளோடு போய்விட்டு, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடம்) பெயரை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. டிரைவ் கிளம்பும்போதெல்லாம் விண்டோஸ் அந்தப் பெயரைக் கூப்பிடுகிறது. வர ஆள் இல்லை. டிரைவும் கிளம்புவதில்லை.

முதலில் ரெஜிஸ்ட்ரியை பேக்கப் எடுத்தேன் (எடுக்காமல் யாரும் அங்கே கை வைக்காதீர்கள்). அப்புறம் அதில் சிடி, டிவிடி டிரைவ்களுக்கான, 4D36E965 என்று தொடங்கும் பிரிவில், அந்த மாதிரிப் பெயர்கள் பதிவாகும் அப்பர்ஃபில்டர்ஸ் (UpperFilters), லோயர்ஃபில்டர்ஸ் (LowerFilters) இரண்டையும் அழித்தேன். ரீஸ்டார்ட்.

அக்காவின் கல்யாண டிவிடி ஓடியது. தாலி கட்டும் நேரத்தில் பெரியப்பா கூட்டத்துக்கு மேலே எக்கி எக்கிப் பார்க்கிறார். பெரியம்மா அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.

இதே மாதிரி எத்தனை நல்ல டிரைவ்கள் காயலான் கடைக்குப் போயிருக்கும்! நினைத்தால் கோபமாக வருகிறது. உங்கள் வீட்டிலும் 19, 39, 41 என்று எண் காட்டினால் தூக்கிப் போடாதீர்கள். முதலில் அந்த இரண்டு பெயரையும் தேடுங்கள்.