கப்பலில் நடந்த கைகலப்பும் ஒரு பையனின் கேள்வியும்

இராணுவத் தேர்வுக்குத் தயாராகும் பையன்களுக்கு, இரண்டாம் உலகப்போரில் சண்டையிட்ட நிஜ அமெரிக்க வீரர்களைப் பற்றி 2001இல் எச்.பி.ஓ. ஒளிபரப்பிய ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ தொடரின் முதல் பகுதியைத் தர்மபுரி வகுப்பில் போட்டுக் காட்டுவேன். இங்கிலாந்துக்குச் செல்லும் கப்பலில், தங்கள் அதிகாரி கேப்டன் சோபல் யூதர் என்பதைச் சொல்லிக் குவார்னியர் என்ற வீரர் இழிவாகப் பேச, தானும் யூதன்தான் என்று லீப்காட் என்ற இன்னொரு வீரர் எதிர்த்து நிற்க, ஒரே படைப்பிரிவுக்காரர்கள் கட்டிப் புரளுகிறார்கள். உண்மையான லீப்காட் கத்தோலிக்கர் என்பதையும், உடனிருந்த வீரர்களே அவரை யூதர் என்று நம்பியிருந்தார்கள் என்பதையும் நான் சொல்வதுண்டு.

அன்று ஒரு பையன் எழுந்தான். “அவரே வாயைத் திறந்து சொன்னதாலதானே சார் அடிதடி? நான் வேலைக்குப் போய், என்ன ஆளுங்கன்னு கூட இருக்கறவங்க கேட்டா என்ன சொல்றது?”

“ஊர்ப் பேரைச் சொல்லுப்பா, அது போதும்” என்றேன்.

அந்தப் பதில் இன்னும் என்னை விடவில்லை. பத்தொன்பது வயதுப் பையனை முதல் நாளே சண்டைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நான் சேர்ந்த காலத்தில் எனக்குக் கைகொடுத்ததும் அதே பதில்தான். ஆனால், 2012 நவம்பரில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் காலனிகள் எரிக்கப்பட்ட இந்த மாவட்டத்தில், ஊர்ப் பேரைச் சொன்னதும் அடுத்த கேள்வி “ஊரா, காலனியா?” என்றுதான் வரும். அதுவும் போக, ஆள்சேர்ப்பு முகாமுக்குச் சாதிச் சான்றிதழ் கொண்டுபோக வேண்டும். அவன் கோப்பில் வட்டாட்சியர் முத்திரையோடு அதை வரிசைப்படுத்தி வைத்தவனும் நான்தான். தாள் சொல்வதை வாய் மறைக்க வேண்டும் என்று நான் ஏன் எதிர்பார்த்தேன்? கத்தோலிக்கரான லீப்காட்டையே மற்றவர்கள் தாமாக ஒரு கூட்டத்தில் சேர்த்துவிட்டபோது, வாய் மூடியிருப்பது யாரைக் காப்பாற்றும்?

நிமிர்ந்து சொல் என்றிருக்கலாம். ஆனால் அடி வாங்கப்போவது நான் அல்லவே. குவார்னியரும் லீப்காட்டும் பிறகு ஒரே களத்தில் நின்றார்கள் என்று சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். கேட்டவனுக்கு அது பதிலாகாது.

நாளைக்கு அந்தக் கேள்வியைக் கேட்கப்போகிறவர்களும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பிப் பேசியிருந்தால் அவனை எல்லார் முன்னிலும் அடையாளம் காட்டியதாகியிருக்கும் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் அவர்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவன் ஒருவனே சுமந்துகொண்டு போனான்.