டோக்கியோ டோமும் சைவ மாமாவும்

2023 மார்ச்சில் நடந்த, நாடுகளின் அணிகள் மோதும் வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக் போட்டியின் முதற்சுற்று ஆட்டங்களில் இரண்டுக்கு நுழைவுச்சீட்டு கைக்கு வந்தபோது, ஆட்டத்தைப் பற்றி எனக்குக் கவலை எதுவும் இருக்கவில்லை. மாமாவின் சாப்பாட்டைப் பற்றித்தான் இருந்தது. திருநெல்வேலியில் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் தாய்மாமா, அந்த மாதம் எங்களோடு தங்குவதற்காக ஜப்பான் வந்திருந்தார். அவர் சுத்த சைவம். முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடமாட்டார். நான் மீனும் கோழியும் உண்பேன், மாட்டையும் பன்றியையும் தவிர்ப்பேன். பெரும்பாலான உணவில் மீன் சாறு ஏதாவது ஒரு வடிவில் கலந்திருக்கும் ஒரு நாட்டில், மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் ஓர் ஆட்டத்துக்கு இப்படி இரண்டு வயிறுகளை அழைத்துப் போவதற்குக் கொஞ்சம் முன்யோசனை வேண்டியிருந்தது.

டோக்கியோவில் ஆடிய பிரிவில் ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, சீனா, செக் குடியரசு ஆகிய ஐந்து அணிகள் இருந்தன. எங்களுக்குக் கிடைத்தவை மார்ச் 10 வெள்ளிக்கிழமை நண்பகலில் சீனாவும் செக் குடியரசும் ஆடிய ஆட்டமும், மறுநாள் சனிக்கிழமை இரவு 7 மணிக்கு ஜப்பானும் செக் குடியரசும் ஆடிய ஆட்டமும். முதல் ஆட்டம் யாரும் அதிகம் விரும்பாதது என்பதால் எளிதில் கிடைத்தது. இரண்டாவது கிடைத்தது என் அதிர்ஷ்டம். பேஸ்பாலின் பெரிய நட்சத்திரமான ஒஹ்தானி ஷோஹெய் ஜப்பானுக்காக ஆட வந்திருந்த அந்த வாரத்தில், இரவு ஆட்டத்துக்குச் சீட்டு கிடைப்பது திருச்செந்தூர் சூரசம்ஹாரத்தன்று கடற்கரையில் முன்வரிசையில் நிற்க இடம் கிடைப்பதைப் போன்றது.

இந்த ஆட்டங்கள் நடந்த டோக்கியோ டோம் அரங்கம் நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது என்பது, அங்கே போக நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. ஜேஆர் ரயில் பாதையின் சுய்தோபாஷி நிலையத்தில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் அரங்கின் வாசலுக்கு வந்துவிடலாம். கோராகுவென், கசுகா ஆகிய சுரங்க ரயில் நிலையங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. 1988இல் திறக்கப்பட்ட இந்த அரங்கின் கூரையைத் தூண்கள் தாங்கவில்லை. உள்ளே காற்றழுத்தத்தை வெளியே இருப்பதைவிடச் சற்றே கூட்டி வைத்து, அந்த அழுத்தத்தாலேயே மென்துணிக் கூரையை மேலே நிறுத்தியிருக்கிறார்கள். அதனால்தான் உள்ளே நுழையச் சுழல்கதவுகளை வைத்திருக்கிறார்கள். சாதாரணக் கதவை அகலத் திறந்துவைத்தால் உள்ளேயிருக்கும் காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும். இதை விளக்கியதும் மாமா ஆட்டத்தை மறந்துவிட்டு, காற்றை ஊதும் விசிறிகளுக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும், மின்தடை வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்கத் தொடங்கினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் வாரியம் அவரை விட்டபாடில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போனோம். அரங்கத்துக்கு வெளியே, ரோலர் கோஸ்டர் ஓடுகிற டோம் சிட்டி வளாகத்தில் உட்கார இடம் தேடி, ஆட்டத்துக்கு முன்பே அதை முடித்துவிட்டோம். உள்ளே போன பிறகுதான் என் பிழை தெரிந்தது. அந்த அரங்கம் 2022 முதல் ரொக்கப் பணத்தை ஏற்பதில்லை. நானோ மாமாவுக்குச் செலவுக்குத் தேவைப்படும் என்று ஏடிஎம்மில் எடுத்த நோட்டுக்கட்டை மட்டும் சட்டைப்பையில் வைத்திருந்தேன். நல்லவேளையாக, ரயிலுக்குப் பயன்படுத்தும் சுயிக்கா அட்டையில் கொஞ்சம் பணம் மீதமிருந்தது. அதைக்கொண்டு உருளைக்கிழங்கு வறுவலும், உப்புப் போட்டு வேகவைத்த பச்சை சோயா மொச்சையும் வாங்கினேன். எடமாமே என்று சொல்லப்படும் அந்த மொச்சைதான் ஜப்பானிய விளையாட்டரங்கில் ஒரு சைவர் நம்பிச் சாப்பிடக்கூடிய பண்டம் என்பது என் அனுபவம். மாமா தோலைப் பல்லால் இழுத்து உள்ளிருந்த பயறைத் தின்றபடியே, மார்கழியில் எங்கள் ஊரில் வரும் மொச்சையைவிட இது ஒருபடி மட்டம்தான் என்று தீர்ப்புச் சொன்னார். ஆனால் கிண்ணத்தைக் காலியாக்கியதும் அவர்தான்.

செக் அணியைப் பற்றி ஜப்பானியப் பத்திரிகைகள் அந்த வாரம் முழுக்க எழுதிக்கொண்டிருந்தன. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்லர். பயிற்சியாளர் பாவெல் ஹதிம் ஒரு நரம்பியல் மருத்துவர். அணியில் தீயணைப்பு வீரர் இருந்தார், பள்ளி ஆசிரியர் இருந்தார். மறுநாள் ஜப்பானுக்கு எதிராகப் பந்துவீசப்போகும் ஓன்ட்ரெய் சதோரியா ஒரு மின்பணியாளர் என்று நான் சொன்னதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம ஆளுன்னு சொல்லு மருமகனே" என்றார். அந்த நிமிடத்திலிருந்து செக் குடியரசு எங்கள் அணியாகிவிட்டது.

அன்றைய ஆட்டத்தில் எங்கள் அணி கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவது தொடங்கும்போது ஒரு ரன் பின்தங்கியிருந்தது. கிரிக்கெட்டில் இலக்கு நெருங்க நெருங்க ரன்கள் ஒவ்வொன்றாகக் கரையும். பேஸ்பாலில் ஒரே அடியில் கணக்கு தலைகீழாகிவிடும். மார்ட்டின் முஸீக் அடித்த பந்து வேலியைத் தாண்டியபோது, ஏற்கெனவே இரண்டு பேர் பேஸ் எனப்படும் ஓட்ட மூலைகளில் நின்றதால், அவர்களோடு அடித்தவரும் சேர்ந்து மூன்று ரன்கள் ஒன்றாக வந்தன. முடிவில் 8-5. இந்தப் போட்டித் தொடரில் முதன்முறையாகக் கலந்துகொண்ட செக் அணிக்கு அது முதல் வெற்றி. பாதிக்கு மேல் காலியாகக் கிடந்த அரங்கில், வீரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்திய ஓசைகூட எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. இரண்டு ஆட்டங்களில் எது சிறந்தது என்று என்னைக் கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும் பசித்தது. நிலையத்தருகே இருந்த ஒரு நூடுல்ஸ் கடையில், காய்கறி மட்டும் போட்ட உதோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸ் இருப்பதாகப் படத்தைப் பார்த்து உள்ளே நுழைந்தோம். கேட்டுப் பார்த்ததில் மேலே கிடப்பது காய்கறிதான் என்றும், அடியில் இருக்கும் சாறு மீனில் இறக்கியது என்றும் கடைக்காரர் நேர்மையாகச் சொன்னார். ஜப்பானிய மொழி தெரியாத சைவர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய சொல் கட்சுவோ என்பது. அது சூரை மீன். அதை வேகவைத்து, புகையூட்டி, கட்டையைப் போல இறுகும்வரை உலர்த்திச் சீவிப் போடுகிறார்கள். நம் தென்கடற்கரைக்காரர்களும் இலங்கைத் தமிழரும் மாசி என்று சொல்கிற அதே சரக்கின் தூரத்து உறவு. கடைகளில் விற்கும் ஊறுகாய்ப் பிளம் வைத்த சோற்று உருண்டையில்கூடச் சில சமயம் அதன் சாறு சேர்ந்திருக்கும் என்பதால், உறையின் பின்பக்கத்தைப் படிக்காமல் நான் மாமாவுக்கு எதையும் கொடுப்பதில்லை.

ஆகவே ரயிலேறினோம். சுய்தோபாஷியிலிருந்து ஒரு நிறுத்தம் போய் ஒச்சானொமிஸுவில் மாறினால், சூவோ விரைவு ரயில் சில நிமிடங்களில் டோக்கியோ நிலையத்துக்குக் கொண்டு சேர்த்துவிடும். அந்த நிலையத்தின் உள்ளேயே, சீட்டுத் தடுப்பைத் தாண்டாமல் போகக்கூடிய கெய்யோ ஸ்ட்ரீட் கடைவரிசையில் டீஸ் தன்தன் என்ற ராமென் (சாற்றில் மிதக்கும் நூடுல்ஸ்) கடை இருக்கிறது. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் சேர்க்காத கடை அது. எள்ளை அரைத்து ஊற்றிய, காரம் கலந்த கெட்டியான சாற்றில் நூடுல்ஸ் மிதந்து வரும். மாமா முதலில் கரண்டியால் சாற்றை மட்டும் எடுத்துச் சுவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, நல்லெண்ணெய் விட்ட இட்லிப் பொடியைக் கரைத்தது போலிருக்கிறது என்றார். டோக்கியோ வந்து பத்து நாளில் வீட்டுக்கு வெளியே அவர் வயிறார உண்டது அன்றுதான். டோமிலிருந்து இதைப் பக்கம் என்று சொல்ல முடியாது. நிலையத்துக்குள்ளேயே நெடுந்தூரம் நடக்கவும் வேண்டும். ஆனாலும் பகல் ஆட்டம் பார்த்துவிட்டு வீடு திரும்புகிற சைவர்களுக்கு இதைவிட நல்ல வழியை நான் அறியேன்.

சனிக்கிழமை என் முறை. இரவு ஆட்டம் முடியும்போது பத்து மணியைத் தாண்டிவிடும், நாற்பதாயிரம் பேர் ஒரே சமயத்தில் வெளியே வருவார்கள், அப்போது பக்கத்தில் சாப்பிட இடம் தேடுவது வீண் வேலை. எனவே மதியமே தெற்கே ஜிம்போச்சோவில் இறங்கி, அங்கே சாப்பிட்டுவிட்டு, மெல்ல நடந்து டோமுக்குப் போவதென்று திட்டமிட்டேன். ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைகளின் பேட்டை. நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் இருக்கின்றன. வெயில் பட்டால் காகிதம் பழுத்துவிடும் என்பதற்காக, யசுகுனி சாலையின் தென்புறத்தில் வடக்கே பார்த்த வாசல்களோடு அவை வரிசையாக நிற்கின்றன. அதே பேட்டைதான் டோக்கியோவின் கறிச் சோற்றுத் தலைநகரமும். ஒரு கையில் புதிதாக வாங்கிய புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையில் கரண்டியால் சாப்பிட முடிகிற உணவு என்பதால் கறிக் கடைகள் இங்கே பெருகின என்று அங்கே பலரும் காரணம் சொல்வார்கள்.

ஜப்பானியக் கறி நம் குழம்பல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். மெய்ஜி காலத்தில் (1868-1912) ஆங்கிலேயர் வழியாக வந்து, மாவும் கொழுப்பும் சேர்த்துக் கெட்டியாக்கப்பட்டு, வேறொரு பதார்த்தமாகவே அது மாறிவிட்டது. நம் மொழியிலிருந்து கிளம்பியதாகச் சொல்லப்படும் அந்தச் சொல் மட்டும் 'கரே' என்று ஒலிமாறி மிச்சமிருக்கிறது. காய்கறிக் கறி என்று எழுதியிருந்தாலும் அடித்தளத்தில் இறைச்சிச் சாறோ விலங்குக் கொழுப்போ இருக்க வாய்ப்புண்டு என்பதால், மாமாவுக்கு வீட்டிலேயே தயிர்ச்சோறு கொடுத்துத்தான் அழைத்து வந்திருந்தேன். அவரைப் பழைய வரைபடங்கள் விற்கும் ஒரு கடையில் விட்டுவிட்டு நான் வரிசையில் நின்றேன்.

அந்தப் பேட்டையில் பெயர்பெற்ற கடைகள் பல உண்டு. 1924இல் தொடங்கிய கியோயெய்தோவில் சுமத்ரா பாணி என்று சொல்லப்படும் கறுத்த, மாவு சேர்க்காத கறி கிடைக்கும். பழைய புத்தகக் கடைகள் நிறைந்த ஒரு கட்டடத்தின் இரண்டாம் தளத்திலுள்ள போண்டியில் வெண்ணெய் மணக்கும் ஐரோப்பிய பாணிக் கறி. அதற்குப் படிக்கட்டில் வரிசை நிற்கும். நான் தேர்ந்தெடுத்தது எத்தியோப்பியா என்ற கடை. காபிக் கடையாகத் தொடங்கியதால் வந்த பெயர் அது. எத்தியோப்பியச் சமையலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. காரத்தின் அளவை 0 முதல் 70 வரை நாமே சொல்லலாம். திருநெல்வேலிக்காரன் என்ற நினைப்பில் 20 என்று சொன்னேன். முதலில் வேகவைத்த உருளைக்கிழங்கும் வெண்ணெயும் வந்தன. பிறகு கிராம்பும் ஏலமும் தூக்கலாக மணக்கும் நீர்த்த குழம்பில் கோழித்துண்டுகள். பாதிக்கு மேல் நெற்றியில் வியர்வை வழிந்ததையும், அந்த உருளைக்கிழங்கை ஏன் முன்கூட்டியே தருகிறார்கள் என்று அப்போது புரிந்ததையும் நான் மாமாவிடம் சொல்லவில்லை.

பிறகு ஹக்குசான் சாலை வழியாக வடக்கே நடந்தோம். கால் மணி நேர நடை. வழியெங்கும் மாணவர்களுக்கான மலிவான சாப்பாட்டுக் கடைகள். சுய்தோபாஷி என்றால் நீர்க்கால் பாலம். எடோ காலத்தில் (1603-1868) நகரத்துக்குக் குடிநீர் கொண்டுபோன கால்வாய் கண்டா ஆற்றைக் கடந்த இடம் அது. அந்தப் பாலத்தைத் தாண்டும்போதே கூட்டம் தடித்துவிட்டது.

அன்று மார்ச் 11. 2011இல் அதே நாளில் வந்த ஆழிப்பேரலையில் தந்தையையும் தாத்தா பாட்டியையும் இழந்த சசாகி ரோக்கிதான் ஜப்பானுக்காகப் பந்துவீச வந்தார். 160 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் அவர் வீச, எதிர்ப்புறம் சதோரியா பெரும்பாலும் 130ஐக்கூட எட்டாத வேகத்தில் வீசினார். ஆனால் முதல் ரன் எடுத்தது செக் அணி. மூன்றாவது இன்னிங்ஸில் ஒஹ்தானி சதோரியாவின் மெதுவான பந்தைத் தேடி மட்டையைச் சுழற்றித் தவறவிட்டு ஸ்ட்ரைக் அவுட் ஆகி வெளியேறியபோது, முதுகில் பீர்த் தொட்டியைச் சுமந்தபடி படியேறிக்கொண்டிருந்த விற்பனைப் பெண்கூட நின்று திரும்பிப் பார்த்தாள். மாமா எழுந்து நின்று கைதட்டினார். சுற்றியிருந்த ஜப்பானியர்களும் சிரித்துக்கொண்டே தட்டினார்கள். அதே இன்னிங்ஸில் ஜப்பான் மூன்று ரன் எடுத்து முந்தியது, இறுதியில் 10-2.

நான்காவது இன்னிங்ஸில் சசாகியின் பந்து வில்லி எஸ்கலாவின் காலில் பட்டு அவர் சுருண்டு விழுந்தார். பிறகு எழுந்து, ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக ஓடியே காட்டினார். சில நாள் கழித்து சசாகி இரண்டு பைகள் நிறைய இனிப்புகளோடு அவரைத் தேடிப் போய்ப் பார்த்த செய்தி வந்தது. சசாகி அப்போது ஆடிய சிபா லோத்தே அணி ஒரு மிட்டாய் நிறுவனத்துக்குச் சொந்தமானது என்பதால், மன்னிப்புக் கேட்கும் பொருளுக்கு அவருக்குப் பஞ்சம் இருந்திருக்காது.

வெளியே வரும்போது உள்ளிருக்கும் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது. சுய்தோபாஷி நிலையத்தில் கால் வைக்க முடியாது என்று தெரிந்ததால், வந்த வழியே ஜிம்போச்சோ நிலையத்துக்குத் திரும்பி நடந்தோம். புத்தகக் கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. உறையைப் படித்து வாங்கிவைத்திருந்த உப்புச் சோற்று உருண்டையைப் பிரித்து மாமாவிடம் கொடுத்தேன். பாதியைத் தின்றுவிட்டு, அந்த மின்பணியாளர் தம்பிக்கு இந்த ஆட்டத்துக்கெல்லாம் எந்த வகையில் விடுப்புக் கொடுத்திருப்பார்கள், ஈட்டிய விடுப்பா, சம்பளமில்லாத விடுப்பா என்று கேட்டார்.