தண்ணி போகாதுன்னு சொல்லி வித்த போன்

தம்பி போன் வாங்கி பதினோரு மாசம் தான் ஆச்சு. போன மாசம் ஊர்ல பம்புசெட்டு தொட்டியில குளிக்கும்போது சட்டைப் பையிலிருந்து உள்ள விழுந்துருச்சு, இடுப்பளவு தண்ணி கூட இல்ல, விழுந்த உடனே எடுத்துட்டான். ஐபி68 போன் தானே, அதாவது தூசி, தண்ணி தாங்கும்னு ரேட்டிங் வாங்குனது தானேன்னு தொடைச்சிட்டு விட்டுட்டான், மறுநாள் காலைல டிஸ்ப்ளே வரல.

சர்வீஸ் சென்டர்ல சிம் ட்ரேய உருவிட்டு டார்ச் அடிச்சு பாத்தாங்க. உள்ள ஒரு குட்டி வெள்ளை ஸ்டிக்கர் இருக்குமாம், தண்ணி பட்டா சிவப்பாயிரும். தண்ணி போயிருக்கு, வாரண்டி கிடையாது, போர்டு மாத்தணும்னு சொல்லிட்டாங்க. தண்ணி போகாதுன்னு விளம்பரம் பண்ணி தானே வித்தீங்கன்னு கேட்டா பதில் இல்ல. எனக்கு இன்னும் ஆறல.

ஐபி68ல 6 தூசிக்கு, 8 தண்ணிக்கு. ஐபி67னா ஒரு மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம். 68னா அதுக்கும் மேல, ஆனா எவ்ளோ ஆழம் எவ்ளோ நேரம்ங்கறத கம்பெனியே முடிவு பண்ணிக்கும். டெஸ்ட் பண்றது புது போன்ல, லேப்ல, அசையாத நல்ல தண்ணியில. உப்புத் தண்ணி, நீச்சல் குளத்து குளோரின் எதுவும் அதுல வராது, உள்ள இருக்குற ரப்பர் சீலும் நாளாக நாளாக தேஞ்சுரும், போன் ஒரு தடவ கீழ விழுந்தாலே சீல் விலகவும் வாய்ப்பு இருக்கு. இதெல்லாம் விளம்பரத்துல எங்கயும் பெருசா போடமாட்டாங்க.

இது நம்ம ஊர் பிரச்சனை மட்டும் இல்லைங்க. ஆஸ்திரேலியால சாம்சங் கேலக்ஸி போன கடல்லயும் நீச்சல் குளத்துலயும் வெச்சு விளம்பரம் போட்டாங்க, ஈரத்தோட சார்ஜ் போட்டா சார்ஜர் சொருகுற போர்ட் அரிச்சு போகும்ங்கறத சொல்லல. அந்த ஊர் நுகர்வோர் ஆணையம் 2019ல கோர்ட்டுக்கு போச்சு, 2022ல 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம். இத்தாலில 2020ல ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ. அங்க சொன்ன காரணத்துல ஒண்ணு அப்படியே எங்க கதை தான், தண்ணி தாங்கும்னு விளம்பரம் பண்ணிட்டு தண்ணி பட்டு கெட்டா வாரண்டி இல்லன்னு சொல்றது ஏமாத்து வேலைன்னு. தண்ணி தாங்கும்னு சொல்றவன் அதுக்கு வாரண்டி தரணும், தர முடியலைன்னா அந்த வார்த்தையையே பாக்ஸ்ல போடக்கூடாது, இதுல நடுவுல ஒண்ணும் இல்ல.

தம்பிய பில்லு, வாரண்டி அட்டை, விளம்பரத்தோட ஸ்க்ரீன்ஷாட், சர்வீஸ் சென்டர் குடுத்த சீட்டு எல்லாம் எடுத்து வெக்க சொல்லிருக்கேன், திங்கக்கெழம 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கு கூப்பிடுறோம். என்ன சொல்றாங்கன்னு இங்கயே எழுதுறேன்.