வயல் கணக்கு ஆப்: கிரேடிலை வழிக்குக் கொண்டுவந்த கதை

மாமாவின் வயல் கணக்குக்காகத் தொடங்கிய ஆப் இப்போது மூன்று துண்டாக, அதாவது மூன்று மொடியூலாக, ஆகிவிட்டது. உழவுக்கூலி, விதைநெல், பசளை, களைநாசினி, வெட்டு மெஷின் என்று செலவைக் கூட்டிக் கழிக்கிற பகுதி வெறும் கொட்லின் மொழிக் கோட். அதற்கு ஆண்ட்ரொய்ட் தேவையே இல்லை. போனில் ஓடுவது இரண்டாவது. போகம் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரு தாளில் அச்செடுத்துத் தருகிற சின்னக் கொமாண்ட் லைன் புரோகிராம் மூன்றாவது. உன்னிச்சைக் குளத்துப் பாய்ச்சலில் வயல் செய்கிற மனிதருக்குக் கையில் தாள் இருந்தால்தான் கணக்கு கணக்கு.

ஆப்பைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இந்த மாரியில் என் ஓய்வு நேரமெல்லாம் கிரேடிலோடுதான் போனது. எழுதிய கோடைத் தொகுத்து ஓடுகிற புரோகிராமாக ஆக்குகிற, அதாவது பில்ட் செய்கிற, கருவி அது. காரணம் இதுதான்: கல்லடியில் என் லப்டொப்பில் பில்ட் ஆனால் போதாது. களுவாஞ்சிகுடியில் இருக்கும் நண்பன் போன் திரைகளைச் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறான். அவனிடம் இருப்பது 4 ஜிபி ரேம் விண்டோஸ் லப்டொப், போன் ஹொட்ஸ்பொட், இரவில் மட்டும் தாராளமாகக் கிடைக்கிற டேட்டா. என் கோட் கையில் கிடைத்ததும் ஒரே கட்டளையில் அங்கும் பில்ட் ஆக வேண்டும், அதுவும் டேட்டாவைத் தின்னாமல்.

முதலில் லைப்ரரிகளின், அதாவது மற்றவர்கள் எழுதி வைத்த தயார் கோட் பொதிகளின், வேர்ஷன்கள். மூன்று மொடியூலிலும் ஆங்காங்கே சிதறிக் கிடந்தவற்றைத் திரட்டி, கிரேடில் போல்டருக்குள் இருக்கும் வேர்ஷன் கட்டலொக் பைலில் போட்டேன். கட்டலொக் என்பது டொம்ல் என்ற எளிய வடிவில் எழுதிய ஒரு பட்டியல் பைல், அவ்வளவுதான். வேர்ஷனை ஒரே இடத்தில் மாற்றினால் மூன்று மொடியூலும் சேர்ந்தே மாறும். வேர்ஷனின் கடைசியில் கூட்டல் குறி போட்டு "புதிதாக எது இருக்கிறதோ அதைக் கொண்டுவா" என்று எழுதும் பழக்கம் பலரிடம் உண்டு. அப்படி எழுதினால் கிரேடில் தான் கண்டுபிடித்த விடையை 24 மணி நேரம்தான் நினைவில் வைத்திருக்கும். பிறகு மறுபடியும் நெட்டில் போய்க் கேட்கும். டேட்டா மட்டும் பிரச்சினை இல்லை, நேற்று பில்ட் ஆன அதே கோட் இன்று வேறு லைப்ரரியோடு பில்ட் ஆகக்கூடும். இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்கிற புரொஜெக்ட்டில் அதற்கு இடமே கொடுக்கக் கூடாது.

அடுத்தது, லைப்ரரிகளை எங்கிருந்து எடுப்பது என்ற ஒழுங்கு. நெட்டில் லைப்ரரிகள் இருக்கிற களஞ்சியங்கள்தான் ரெப்பொசிட்டரிகள். கிரேடில் நாம் எழுதிய வரிசைப்படிதான் அவற்றைத் தட்டும். கூகிளின் ரெப்பொசிட்டரி முதலில் இருந்தால், அங்கே இல்லாத லைப்ரரிக்கும் அங்கே போய்க் கேட்டு, இல்லை என்று தெரிந்த பிறகே மேவன் சென்ட்ரல் என்ற பொதுக் களஞ்சியத்துக்கு வரும். செட்டிங்ஸ் பைலில் கூகிளுக்கு ஒரு வடிகட்டி போட்டேன்: ஆண்ட்ரொய்ட்எக்ஸ், ஆண்ட்ரொய்ட், கூகிள் குழுக்களுக்கு மட்டும் அங்கே போ. மந்தமான கனெக்ஷனில் இப்படி வீண் கேள்விகள் குறைவது கண்ணுக்கே தெரிகிறது. மொடியூல்கள் தனித்தனியாக ரெப்பொசிட்டரி சேர்த்தால் பில்ட் நின்றுவிடும் என்ற கட்டுப்பாட்டையும் அங்கேயே வைத்திருக்கிறேன்.

நண்பன் மேவன் என்ற இன்னொரு பில்ட் கருவியில் பழகியவன். எந்த லைப்ரரி எதை இழுக்கிறது என்று காட்டும் டிப்பெண்டன்சி மரத்தைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு சந்தேகம்: "மச்சான், நான் போட்டது பழைய வேர்ஷன், இதில அம்புக்குறி போட்டுப் புதுசைக் காட்டுது. மறுகா எதை எடுக்கும்?" நல்ல கேள்வி. ஒரே லைப்ரரி இரண்டு வேர்ஷனில் வந்து மோதினால், மரத்தில் நமக்குக் கிட்ட இருப்பதை மேவன் எடுக்கும். கிரேடில் வழக்கமாக உயர்ந்த வேர்ஷனை எடுக்கும். எந்த லைப்ரரி இழுத்துக்கொண்டு வந்தது என்று அறிய டிப்பெண்டன்சி இன்சைட் என்ற டாஸ்க், அதாவது கிரேடிலிடம் சொல்லிச் செய்விக்கும் ஒரு வேலை, இருக்கிறது. மரம் முழுவதையும் திரையில் ஓட விடுவதை விட, ஒரு லைப்ரரியின் பெயரைக் கொடுத்து இதைக் கேட்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

இனி பென் டிரைவ். இந்த வேலையிலேயே மனதுக்கு நிறைவாக இருந்தது இதுதான்.

கிரேடில் டவுன்லோட் செய்த லைப்ரரிகள் ஹோம் போல்டருக்குள், கிரேடில் இறக்கியதைச் சேமித்து வைக்கிற கேஷில், மொடியூல்ஸ்-2 என்ற போல்டரில் கிடக்கும். இந்தப் போல்டரை அப்படியே வேறு கொம்பியூட்டருக்குக் கொண்டுபோகலாம். கிரேடில் 6.2 வேர்ஷனிலிருந்து இன்னொரு வசதியும் உண்டு. கொண்டுபோன கேஷை எழுத முடியாத, வாசிக்க மட்டுமான கேஷாக வைத்துக்கொள்ளலாம். கொப்பியிலிருந்து லொக் பைல்களையும் ஜிசி புரொப்பர்ட்டீஸ் பைலையும் நீக்க வேண்டும். பிறகு அந்தப் போல்டர் இருக்கிற இடத்தை இதற்கென்றே உள்ள என்விரோன்மென்ட் வேரியபிளில் முழுப் பாதையாகக் கொடுக்க வேண்டும். கேட்ட லைப்ரரி அதில் இருந்தால் அங்கிருந்தே எடுக்கும். இல்லாததை மட்டும் நெட்டிலிருந்து இறக்கித் தன் சொந்தக் கேஷில் வைத்துக்கொள்ளும்.

உள்ளே இருப்பதெல்லாம் ஆயிரக்கணக்கான பொடிப் பைல்கள். நேரடியாகப் பென் டிரைவுக்கு இழுத்துப் போட்டால் ஊர்ந்துதான் போகும். ஒரே சிப் பைலாகக் கட்டிக்கொண்டுபோய் அங்கே விரிப்பதுதான் சரி.

கிரேடிலையும் கூடவே கொண்டுபோனேன். கோட்டோடு கூடவே வந்து சரியான கிரேடிலை இறக்கி ஓட்டுகிற சின்ன ஸ்கிரிப்ட்தான் ரெப்பர். ரெப்பர் புரொப்பர்ட்டீஸில் வேர்ஷன் எழுதியிருப்பதால் நண்பன் தனியாக எதையும் இன்ஸ்டோல் செய்யத் தேவையில்லை, ரெப்பரே இறக்கிக்கொள்ளும். ஆனால் அந்த சிப் பைல் 130 எம்பி அளவுக்கு வரும். ரெப்பரை ஒரு முறை ஓட விட்டால் அது தனக்கென்று நீண்ட பெயரில் ஒரு போல்டரை உண்டாக்கும். டவுன்லோட்டை நிறுத்திவிட்டு சிப்பை அதற்குள் போட்டு மறுபடி ஓட்டினால் இருப்பதை விரித்துக்கொள்ளும். சிப்பின் ஷா-256 எண்ணையும் (பைலின் கைரேகை போன்றது, பைல் மாறினால் எண்ணும் மாறும்) ரெப்பர் புரொப்பர்ட்டீஸில் எழுதி வைத்தேன். பென் டிரைவில் கை மாறுகிற பைலுக்கு அந்தச் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும்.

காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டி பஸ்ஸில் போய், அவன் வீட்டுத் திண்ணையில் இருந்து ஹொட்ஸ்பொட்டை நிறுத்திவிட்டு, ஆஃப்லைன் என்று சொல்லி பில்ட்டை ஓட்டினோம். கணக்கு மொடியூலின் டெஸ்ட்டுகள் எல்லாம் ஓடி முடிந்தன. அச்சு மொடியூலும் சரி. போன் மொடியூல் மட்டும் ஒரே ஒரு பொருளைக் கேட்டு நின்றது: ஏஏபிடி2. ஆப்பின் படங்கள், திரை வடிவங்களைத் தொகுக்கிற கருவி அது. லினக்ஸுக்கு ஒன்று, விண்டோஸுக்கு ஒன்று என்று தனித்தனிப் பைலாக வருகிறது. என் உபுண்டுவிலிருந்து போன கேஷில் லினக்ஸுக்கு உரியதுதான் இருந்தது. ஹொட்ஸ்பொட்டைப் போட்டதும் அதை மட்டும் இறக்கிக்கொண்டு பில்ட் முடிந்தது. வெவ்வேறு ஒப்பரேட்டிங் சிஸ்டம் வைத்திருக்கிறவர்கள் கேஷைப் பகிர நினைத்தால் இந்த ஒன்றுக்காவது கொஞ்சம் டேட்டா ஒதுக்கி வையுங்கள்.

4 ஜிபி ரேமுக்கு வேறு வைத்தியம். கிரேடிலின் டீமன் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு புரொசெஸ், கொட்லின் கொம்பைலருக்கு இன்னொரு டீமன். மெமரிக்கு நாம் வைக்கிற உச்சவரம்பை வழக்கமாக இரண்டாவதும் அப்படியே எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ரொய்ட் ஸ்டுடியோவும் திறந்திருந்தால் அவன் லப்டொப் மூச்சுத் திணறும். கொட்லினை இன்-புரொசெஸ் முறைக்கு மாற்றி, கிரேடில் டீமனுக்குள்ளேயே ஓட வைத்தோம். இந்த அமைப்புகளைப் புரொஜெக்ட்டில் எழுதவில்லை. அவன் ஹோம் போல்டரில் உள்ள கிரேடில் புரொப்பர்ட்டீஸில்தான் எழுதினோம், புரொஜெக்ட்டில் என்ன இருந்தாலும் அங்கே இருப்பதுதான் செல்லும். அவனவன் மெஷினுக்கு உரியது அவனவன் மெஷினிலேயே இருக்கட்டும். எஸ்டிகே (ஆண்ட்ரொய்டின் கருவித் தொகுப்பு) இருக்கிற இடத்தைச் சொல்லும் லோக்கல் புரொப்பர்ட்டீஸும் அப்படித்தான், அது கோட்டின் மாற்றங்களைப் பதிந்து பகிர்கிற கிட் (Git) களஞ்சியத்துக்குள் போகவே கூடாது.

கொன்ஃபிகரேஷன் கேஷைப் போட்ட பிறகு சின்ன மாற்றங்களுக்கான பில்ட் நன்றாகவே விரைவாகிவிட்டது. கிரேடில் முதலில் புரொஜெக்ட்டுகளை அடையாளம் காண்கிறது, பிறகு எந்த டாஸ்க் எதற்குப் பின் என்று திட்டம் போடுகிறது, கடைசியில்தான் வேலை. பில்ட் பைல்களில் கை வைக்காத வரை நடுவில் உள்ள அந்தத் திட்டத்தைத் திரும்பப் போடாமல் பழையதையே எடுத்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் கரண்ட் போய் பற்றரியில் ஓடுகிறபோது இதன் அருமை தெரியும்.

மாமா போன வாரம் வந்து, "என்ன மருமகன், கணக்கு முடிஞ்சிதா?" என்று கேட்டார். அச்சு மொடியூலை ஓட்டி, தாளைக் கையில் கொடுத்தேன். பசளைக்கும் களைநாசினிக்கும் தனித்தனிக் கூட்டுத்தொகை வேண்டுமாம். அந்த மாற்றம் கணக்கு மொடியூலுக்குள் மட்டும்தான், ஆண்ட்ரொய்ட் பக்கம் போகாமலே டெஸ்ட் எழுதி முடிக்கலாம். நண்பன் இரண்டாவது திரையைத் தொடங்கிவிட்டான். அடுத்ததாக ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஷா-256 சரிபார்ப்புப் பைலைக் கிரேடிலைக் கொண்டே எழுத வைக்கப் போகிறேன். அவன் மெஷினில் இறங்கிய விண்டோஸ் ஏஏபிடி2-வும் அதில் சேர வேண்டும் என்பதால், அதை இரண்டு லப்டொப்பிலும் ஓட்டித்தான் முடிக்க வேண்டும்.