இரும்பைப் பிடித்த கைகளால் ஓர் அபிஷேகம்

என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுப் பூஜை அறைக்குப் பூத்தொடுக்க ஆள் இல்லை. கடையில் வாங்கிய சரத்தைத்தான் சாமி படங்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு நாள் மாலை விளக்கேற்றிவிட்டு வந்த என்னை அழைத்து, "ஒரு தடவை பர்வதமலைக்குப் போய்வா. அங்கே நம் கையாலேயே சுவாமிக்குத் தண்ணீர் ஊற்றலாமாம். என் கைக்குப் பதிலாக உன் கை இருக்கட்டும்" என்றாள். கால் நன்றாக இருந்த காலத்தில் தானே ஏற வேண்டும் என்று ஆசைப்பட்டவள் அவள். பிள்ளைகள், சமையல், வீடு என்று அந்த ஆசை தள்ளித் தள்ளிப் போய்விட்டது.

தனியாக ஏற எனக்குத் துணிவில்லை. உயரம் என்றால் சிறு வயதிலிருந்தே பயம். மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரை ஒட்டி நிற்கக்கூட மாட்டேன். பள்ளித் தோழர்கள் இருவரிடம் சொன்னேன். ஒருவன் தமிழாசிரியர், நாங்கள் வாத்தியார் என்றே கூப்பிடுவோம். இன்னொருவன் லைன்மேன், மின்கம்பத்தில் ஏறுவதே தொழில். இருவரும் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "எந்த ஞாயிற்றுக்கிழமை?" என்று மட்டும் கேட்டார்கள்.

திருவண்ணாமலையிலிருந்து போளூர்ப் பக்கமாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போனால் தென்மகாதேவமங்கலம். கடலாடியிலிருந்தும் மலைக்கு வழி உண்டு. மலையின் உயரம் 4,560 அடி என்கிறார்கள். உச்சியில் மல்லிகார்ஜுன சுவாமியும் பிரமராம்பிகை அம்மனும் குடியிருக்கிறார்கள். ஸ்ரீசைலத்தில் சுவாமிக்கும் அம்மனுக்கும் இதே திருப்பெயர்கள்தாம். அந்தத் தலத்தைத் தேவாரம் திருப்பருப்பதம் என்று பாடுகிறது. கயிலையிலிருந்து வந்த சிவபெருமான் முதல் அடியை இந்த மலையில் வைத்தார், அடுத்த அடியை அண்ணாமலையில் வைத்தார் என்பது இந்தப் பக்கத்து மக்களின் நம்பிக்கை. கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மேலிருந்து இறங்கி வருகிறவர்தாம் கால் வைக்கக்கூடிய உயரம் அது.

கூட்டம் அதிகம் என்பதால் பௌர்ணமியைத் தவிர்த்துவிட்டு, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தோம். விடிவதற்கு முன்பே அடிவாரத்தில் பச்சையம்மன் கோயில் வாசலில் நின்றோம். இருட்டில் அங்கே அமர்ந்திருக்கும் பெரிய பெரிய முனி உருவங்களைப் பார்த்ததும் கை தானாகக் குவிந்தது. காவல் தெய்வத்திடம் சொல்லிவிட்டுத்தான் மலைக்குள் நுழைய வேண்டும் என்பது சரியான முறை. செருப்பைக் கழற்றி வைத்தோம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், எலுமிச்சம்பழம், கொஞ்சம் உப்பு, அவல். அபிஷேகத்துக்கான தண்ணீரை வாத்தியார் ஒரு செப்புச் செம்பில் எடுத்து, வாயைத் துணியால் கட்டி, தன் தோள்பையில் நிமிர்த்தி வைத்திருந்தான். மலை இறங்கும் வரை அந்தப் பையை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

முதலில் காட்டுப் பாதை, பிறகு படிகள். படிகள் என்றால் ஏறுவது எளிது என்று நினைத்திருந்தேன். இங்கே ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது அரை அடி, அதற்கடுத்தது சரிந்த கல். எந்த அடியும் முந்தைய அடியைப் போல இல்லாததால் கால் ஒரு தாளத்துக்கு வருவதே இல்லை. அரை மணி நேரத்தில் சட்டை நனைந்துவிட்டது. பேச்சு தானாக நின்றது. மூச்சின் ஓசைக்கு நடுவே யாரோ ஒருவர் "ஓம் நமசிவாய" என்று சொல்ல, முன்னும் பின்னும் ஏறுகிறவர்கள் முகம் தெரியாத இருட்டிலிருந்து அதையே திருப்பிச் சொன்னார்கள்.

வெளிச்சம் வந்தபோது ஒன்றைப் பார்த்து மனம் கசந்தது. பாதையின் இருபுறமும் தண்ணீர்ப் பாட்டில்கள், பிஸ்கட் உறைகள், கற்பூரப் பொட்டலங்கள். மலையே லிங்கம் என்று சொல்லிக்கொண்டு ஏறுகிறோம். அப்படியானால் இதை யார் மேல் போட்டுவிட்டுப் போகிறோம்? லைன்மேன் நண்பன் எதுவும் சொல்லாமல் பையிலிருந்து ஒரு சாக்கை எடுத்தான். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறான். இறங்கும்போது பொறுக்குவோம் என்று பேசிக்கொண்டோம்.

படிகள் முடிந்து பாறைகள் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே என் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கல்லைப் போல இறுகிவிட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் ஏறி வந்துகொண்டிருந்த ஒரு பாட்டி, எழுபது வயதுக்குக் குறையாது, தன் கூடையை இறக்கிவைத்தார். அதில் ஒரு நல்லெண்ணெய்ப் பாட்டில், திரி, ஒரு பொட்டலம் பூ. என் குதிகாலைத் தன் மடியில் வைத்து, கால்விரல்களை மேல்நோக்கி அழுத்திப் பிடித்தார். "கால் பெரியதா, மலை பெரியதா என்று பார்க்காதே தம்பி. அடுத்த கல்லை மட்டும் பார்" என்றார். உப்புப் போட்ட எலுமிச்சை நீரைக் குடித்துவிட்டு நான் எழுந்தபோது அவர் இரண்டு திருப்பம் தாண்டியிருந்தார். விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோகிறவர், அதனால் தங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனதாக வாத்தியார் சொன்னான்.

பாதி மண்டபத்தில் கொஞ்சம் அவல் சாப்பிட்டோம். அங்கே வைத்துத்தான் வாத்தியார் இந்த மலையின் பழைய பெயரைச் சொன்னான்: நவிரம். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனின் மலையாக நவிரத்தைச் சொல்கிறது. அங்கே உறையும் கடவுளை, நஞ்சை உணவாக உண்டவர் என்று குறிப்பிடுகிறது. செங்கண்மா என்பது இன்றைய செங்கம். நவிரம்தான் பர்வதமலை என்பது இந்தப் பக்கத்தில் வழிவழியாக வரும் கொள்கை. எனக்கு அதைவிட வியப்பாக இருந்தது அவன் அடுத்துச் சொன்னது. அந்தப் பாட்டு, பரிசில் நாடிப் போகும் கூத்தர்களுக்கு மலை வழி சொல்லும் பாட்டு. கால் வழுக்கும் இடங்களில் கொடி சுற்றிய மரங்களைப் பற்றிக்கொள்ளுங்கள், பிள்ளைகளோடு ஒருவரை ஒருவர் காத்துக்கொண்டு கடந்து போங்கள் என்று புலவர் சொல்கிறாராம். சங்க காலத்தில் சொன்ன பயண யோசனை, அதே மலையில், சற்று முன்பு ஒரு பாட்டியின் மடியில் என் கால் இருந்தபோது அப்படியே நடந்திருக்கிறது. நான் பேசாமல் அவல் மென்றுகொண்டிருந்தேன்.

அதற்கு மேல்தான் கடப்பாறை நெட்டு.

செங்குத்தான பாறை. அதில் கடப்பாறைகளை அடித்து இறக்கி, சங்கிலியால் இணைத்திருக்கிறார்கள். பலர் பிடித்துப் பிடித்து, இரும்பு பிடிக்கும் இடத்தில் மட்டும் கரும்பளபளப்பாகவும், மற்ற இடங்களில் செம்பழுப்புத் துருவாகவும் இருக்கிறது. காலை வெயிலில் ஒரு பக்கம் சூடு, நிழல் விழும் பக்கம் இன்னும் பனியின் சில்லிப்பு. மூன்றாவது கடப்பாறையில் நான் நின்றுவிட்டேன். ஒருமுறை, ஒரே ஒருமுறை, கால் வைக்க இடம் தேடிக் கீழே பார்த்தேன். மரங்களின் உச்சிகள் தெரிந்தன. முழங்கால்கள் நடுங்கத் தொடங்கின. விரல்கள் இரும்பைவிட்டு வர மறுத்தன. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

எனக்குக் கீழே லைன்மேன் நண்பன் இருந்தான். என் வலது குதிகாலைத் தன் உள்ளங்கையால் தாங்கினான். தள்ளவில்லை, வெறுமனே வைத்திருந்தான். "இரண்டு கை, ஒரு கால், மூன்றும் உறுதியாக இருக்கிறதா? இருந்தால் நாலாவதை நகர்த்து. கம்பத்தில் நாங்கள் இப்படித்தான் ஏறுவோம். மூன்று பிடி இருக்கும்வரை விழ மாட்டாய்" என்றான். இரண்டு கை, ஒரு கால். நகர்த்தினேன். மறுபடியும் எண்ணினேன். அவன் கை ஒவ்வோர் அடிக்கும் என் குதிகாலுக்குக் கீழே வந்து நின்றது. நமசிவாய என்று சொல்ல வாய் வரவில்லை; "இரண்டு கை, ஒரு கால்" என்பதையே மந்திரம் போலச் சொல்லிக்கொண்டு ஏறினேன். அதையும் அவர் தம் நாமமாகவே ஏற்றுக்கொண்டிருப்பார் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஏணிப்படி, தண்டவாளப் படி, ஆகாயப் படி என்று அதற்கு மேலும் இருக்கிறது. கடப்பாறையைக் கடந்தவனுக்கு அவை அவ்வளவு கடினமில்லை. ஐந்து மணிக்குத் தொடங்கியவர்கள் உச்சியில் கால் வைத்தபோது மணி பத்தே முக்கால்.

கோயில் சிறியது. பெரிய ராஜகோபுரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு வீடு போலத்தான் தெரியும். முறை வந்ததும் உள்ளே போனோம். எண்ணெய்ப் புகை படிந்த சுவர், வில்வ வாசம், காலுக்குக் கீழே ஈரக் கல். பாட்டி ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாத்தியார் செம்பின் துணியை அவிழ்த்து, அதை இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டினான். ஆறு மணி நேரம் தன் தோளில் சுமந்தவன். "முதலில் நீ" என்றான்.

என் கைகளைப் பார்த்தேன். ரேகைகளுக்குள் துரு ஏறிச் சிவந்திருந்தது. இடது உள்ளங்கையில் தோல் உரிந்த ஓர் இடம். இந்தக் கையோடு சுவாமியைத் தொடலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். எத்தனை கோயில்களில், கருவறைக்குப் பல அடி தள்ளி, தீபாராதனை காட்டும் அந்தச் சில விநாடிகளுக்காகக் கழுத்தை நீட்டி நின்றிருக்கிறோம்! இங்கே நடுவில் யாரும் இல்லை. செம்பைச் சாய்த்தேன். தண்ணீர் லிங்கத்தின் உச்சியில் விழுந்து, மெல்லிய படலமாகப் பரவி, இறங்கியது. வலது கையால் அந்த நீரோடு சேர்த்து லிங்கத் திருமேனியைத் தடவினேன். கல் அவ்வளவு குளிர்ச்சி. தோல் உரிந்த இடத்தில் சுரீரென்றது. என் விரல்களின் துருநீர் அவர் மேல் வழிந்து, அவர் மேல் விழுந்த நீர் என் விரல்களைக் கழுவியது. அம்மாவின் பெயரை, நட்சத்திரத்தைச் சொன்னேன். அதற்கு மேல் என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. கை குணமாக வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்தேன். அங்கே நின்றபோது, "அவளுடைய கை இது, பார்த்துக்கொள்" என்று மட்டும்தான் வந்தது.

பிரமராம்பிகையின் சந்நிதியில் அம்மா கொடுத்தனுப்பிய மஞ்சளையும் குங்குமத்தையும் வைத்தேன். தாய் அவள். அவளிடம் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்தால் காற்று ஆளைத் தள்ளியது. ஒரு பக்கம் ஜவ்வாது மலைத்தொடர். தெற்கே தூரத்தில், வெயிலின் மங்கலுக்குள், தனியாக ஒரு நீல முக்கோணம். "அண்ணாமலை" என்றான் வாத்தியார். அங்கே நின்றிருந்த எல்லோரும் அந்தத் திசை நோக்கிக் கும்பிட்டோம்.

இறங்குவதை யாரும் சுலபமாக எண்ண வேண்டாம். படி வழியாக இறங்கினோம். அப்படியும் மூன்றரை மணி நேரம் ஆயிற்று. முழு எடையும் முழங்காலில் விழுகிறது. நடுப்பகலில் பாறை வெறுங்காலைச் சுடுகிறது. போக நினைப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்வது: உச்சிக்கு வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள், இதய நோயோ மூச்சுத் திணறலோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறாதீர்கள், பழத்தைக் குரங்கின் கண்ணில் படும்படி பிடிக்காதீர்கள். தனியாக மட்டும் போகாதீர்கள். ஒரு சாக்கும் எடுத்துப் போங்கள். நாங்கள் கொண்டுபோன சாக்கு பாதி வழியிலேயே நிறைந்துவிட்டது. நாங்கள் எடுக்காமல் விட்டுவந்தவைதான் இன்னும் மனத்தை உறுத்துகின்றன.

வீடு வந்து சேர்ந்தபோது இரவு ஒன்பது. அம்மா தூங்காமல் காத்திருந்தாள். கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, நெற்றியில் விபூதி வைத்துவிட்டேன். அவள் என் கையைத் தன் இடது கையால் பிடித்து முகத்தருகே கொண்டுபோனாள்.

"என்னப்பா, இரும்பு வாடை அடிக்கிறது?"

கடப்பாறையைப் பற்றிச் சொன்னேன். குதிகாலைத் தாங்கிய நண்பனைச் சொன்னேன். செம்பைச் சுமந்தவனை, எண்ணெய்ப் பாட்டியை, தண்ணீர் லிங்கத்தின் மேல் எப்படி இறங்கியது என்பதைச் சொன்னேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும், மடியில் கிடந்த வலது கையை இடது கையால் மெல்லத் தூக்கி, என் உள்ளங்கையின் மேல் கொண்டுவந்து வைத்தாள்.